தோட்டக் குளத்து மீனும் புதிய நீரும்

அரசு அலுவலக வளாகங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள், நகராட்சிப் பூங்காக்கள் ஆகியவற்றில் ஒரு தாமரைத் தொட்டியோ சிறு குளமோ அமைந்திருப்பது நம் நாட்டில் எங்கும் காணக்கூடியதாகும். வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் வீட்டுக் கொல்லையிலேயே குளம் உண்டு. அளவில் சிறியனவாயினும் இவற்றில் வளரும் மீன்கள் அழகுக்கும் உணவுக்கும் கொசு ஒழிப்புக்கும் பயன்படுகின்றன. இம்மீன்கள் நோயுமின்றி, பகை விலங்குகளின் தாக்குதலுமின்றி, நீர் மாற்றிய மறுநாளே கூட்டமாக இறந்து மிதப்பது குளம் வைத்திருப்போர் பலரும் அறிந்த நிகழ்ச்சியாகும்.

அது நடைபெறும் விதமும் பெரும்பாலும் ஒன்றுதான். விழா நாளோ மேலதிகாரியின் வருகையோ நெருங்கும்போது, பச்சை படிந்த நீரைக் கண்டு, தொட்டியைச் சுத்தம் செய்யுமாறு ஆணை பிறக்கிறது. தோட்டப் பணியாளர் நீர் முழுவதையும் இறைத்துவிட்டு, சுவர்களைப் பிளீச்சிங் பவுடர் இட்டுத் தேய்த்துக் கழுவி, குழாய் நீரை நிரப்பி, வாளியில் இருந்த மீன்களை அதில் விடுகிறார். அன்று மாலை தொட்டி பளிங்குபோல் விளங்குகிறது. மறுநாட் காலை மீன்கள் மிதக்கின்றன. தீவனத்தில் கோளாறு, மீன் குஞ்சு தரம் குறைந்தது, எவரோ நஞ்சு கலந்துவிட்டனர் என்றெல்லாம் காரணங்கள் கூறப்படுகின்றன. நீர் தெளிவாக இருப்பதால் அதன்மீது ஐயம் எழுவதில்லை.

உண்மையில் மீன், மெல்ல மெல்லக் கெட்டுவரும் நீரைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். திடீரென வந்து சேரும் நல்ல நீரைத் தாங்குவதில்லை. எனவே நீர் எவ்வளவு தூய்மையானது என்று கேட்பதோடு நில்லாமல், அது எவ்வளவு விரைவாக மாறியது என்றும் கேட்டல் வேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று ஒன்று உண்டு. கொல்கத்தா மாநகரின் கிழக்கே ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள சதுப்பு நிலங்கள், 2002ஆம் ஆண்டு ராம்சர் உடன்படிக்கையின்படி பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றன. அங்கே ‘பேரி’ எனப்படும் ஆழமற்ற ஏரிகளில் மாநகரின் கழிவுநீரைக் கொண்டே கட்லா, ரோகு, மிருகால் முதலிய மீன்கள் வளர்க்கப்படுகின்றன. சாக்கடை நீரில் மீன் வாழ்வது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் பேரித் தொழிலாளர் கழிவுநீரை ஒரே நாளில் திறந்து விடுவதில்லை. சிறிது சிறிதாக விட்டு, வெயிலும் பாசியும் அதன்மீது செயற்பட நாட்கள் கொடுத்து, நீரின் நிறத்தைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்த பின்னரே அடுத்த பங்கை விடுகின்றனர். அலுவலகத் தொட்டியில் தெளிந்த நீரில் மீன் மடிவதும், பேரியில் கழிவுநீரில் மீன் கொழிப்பதும் ஒரே விதியின் இரு பக்கங்களாகும்.

பழைய நீரில் இருப்பவை

மீன் தன் உடலில் உண்டாகும் கழிவுப் பொருளான அமோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே நீரில் விடுகிறது. உண்ணாமல் எஞ்சிய தீவனமும், உதிர்ந்த இலைகளும் அழுகி மேலும் அமோனியாவைத் தருகின்றன. இது மீனுக்கு நஞ்சு. ஆயினும் நாட்பட்ட குளத்தில் இது பெருகாமல் இருப்பதற்குக் காரணம், கண்ணுக்குப் புலனாகாத இருவகைப் பாக்டீரியாக்கள். ஒருவகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சே, மீனின் இரத்தத்தைப் பழுப்பு நிறமாக்கி, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடும். நைட்ரேட் அவ்வளவு தீங்கற்றது. பாசியும் தாமரையும் அதை உரமாக ஏற்றுக்கொள்கின்றன.

இப்பாக்டீரியாக்கள் பெரும்பாலும் நீரில் மிதந்து திரிவதில்லை. தொட்டிச் சுவரிலும், கூழாங்கற்களிலும், நீர்ச்செடிகளின் தண்டிலும் மெல்லிய வழுவழுப்பான படலமாக ஒட்டி வாழ்கின்றன. எனவே நீரை வடித்தல் அவற்றுக்குப் பெருந்தீங்கு விளைப்பதில்லை. சுவரைத் தேய்த்துப் பிளீச்சிங் பவுடர் இடுதல்தான் அவற்றை அடியோடு அழித்துவிடுகிறது. புதிய படலம் முறையாக உருவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். வட மாநிலங்களின் குளிர்காலத்தில் இன்னும் மிகுதியாகும். அதுவரை தொட்டியில் அமோனியாவைக் கையாள எவரும் இல்லை. கழுவிய மறுநாள் தப்பிய மீன்கள் பத்தாம் நாள் இறப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அப்போது நீர் மாற்றிய நினைவே எவருக்கும் இருப்பதில்லை.

அமோனியாவின் இரட்டை வேடம்

மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி இதுவாகும். நீரில் அமோனியா இரு வடிவங்களில் உள்ளது. ஒன்று அமோனியம் அயனி. இது செவுளினுள் எளிதில் புகாது. ஆகவே கொடுமை குறைந்தது. மற்றொன்று அயனியாகாத அமோனியா, இதுவே கொல்வது. எவ்வடிவம் எவ்வளவு என்பதை முடிவு செய்வது, பி.எச். எனப்படும் அமில-கார அளவும் வெப்பநிலையும் ஆகும். 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருக்கும் நீரில் மொத்த அமோனியாவில் ஏறத்தாழ 0.6 விழுக்காடு மட்டுமே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது 5 விழுக்காட்டைத் தாண்டும். பி.எச். 9 ஆனால் 36 விழுக்காடு ஆகிவிடும்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நெடுநாள் மாற்றப்படாத, நிழல் மூடிய, இலைகள் அழுகிய ஒரு தொட்டியில் நீர் சற்று அமிலத்தன்மை அடைந்திருக்கும். அந்நிலையில் பாக்டீரியாக்களின் வேலையும் மந்தமாகி, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா சேர்ந்திருப்பதாகக் கொள்வோம். பி.எச். 7 அளவில் அதில் நஞ்சாவது 0.01 மில்லிகிராம் அளவே, மீன் வாழ்ந்துவிடும். இப்போது பாதி நீரை இறைத்துவிட்டு, சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பினால், மொத்த அமோனியா 1 மில்லிகிராமாகக் குறையும். ஆனால் பி.எச். 8.5ஐ எட்டுமாயின், நச்சு வடிவம் 0.15 மில்லிகிராம் ஆகிவிடும். அழுக்கு பாதியாயிற்று, நஞ்சு பதினைந்து மடங்காயிற்று! நீரைச் சுத்தம் செய்ததாலேயே மீன் இறந்தது என்பதை நம்ப மறுப்போர்க்கு இக்கணக்கு போதுமானது.

மீன் வளர்ப்பில் சுண்ணாம்பு இடுதல் பொதுவாக நல்ல பழக்கமே. கெண்டைக் குளங்களைத் தயார் செய்யும்போது அது பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் நீர் மாற்றிய பின் மீன் துவளுவதைக் கண்டு, மருந்தாக எண்ணிச் சுண்ணாம்பு தூவுவது பி.எச்.ஐ மேலும் உயர்த்தி, எஞ்சிய மீன்களையும் முடித்துவிடும்.

குழாய் நீரும் நிலத்தடி நீரும்

நகராட்சிக் குழாய் நீரில் குளோரின் கலந்திருப்பது மக்கள் நலனுக்காகவே. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருத்தல் வேண்டும் என்கிறது. மனிதனைக் காக்கும் அதே அளவு மீனின் செவுளைப் பொசுக்கிவிடப் போதுமானது. மழைக்காலத்தில் தொற்றுநோய் அச்சத்தால் குளோரின் அளவு கூட்டப்படும்போது ஆபத்தும் கூடும். சென்ற மாதம் ஒன்றும் நேராத தொட்டியில் இம்மாதம் மீன் இறப்பதன் மறைபொருள் இதுவாக இருக்கலாம்.

அகன்ற வாயுடைய தொட்டியில் நீரை ஒரு நாள் முழுதும் வெயில் பட வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கிவிடும். விரைவாக வேண்டுமாயின், புகைப்படக் கலைஞர்கள் ‘ஹைப்போ’ என்றழைத்த சோடியம் தயோசல்பேட் உதவும். குளோரின் 1 கிராமுக்கு ஹைப்போ 7 கிராம் என்பது நடைமுறை அளவு. லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள 200 லிட்டர் பீப்பாய் நீருக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம் போதும். குளோரின் உள்ளதா என்று அறியச் சுகாதார ஆய்வாளரிடமுள்ள குளோரோஸ்கோப் கருவியே போதுமானது. தனியே வாங்க வேண்டுவதில்லை. 2019ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கத்தின்கீழ் ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்ட நீர்ப் பரிசோதனைப் பெட்டிகளைக் கொண்டும் பி.எச்., கடினத்தன்மை, இரும்பு, எஞ்சிய குளோரின் ஆகியவற்றை அறியலாம். குடிநீருக்காக வந்த பெட்டி மீனுக்கும் பயன்படுவதில் தவறில்லை.

ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இல்லை. அதனாலேயே அது மீனுக்கு ஏற்றதென்று கருதுவது பொருந்தாது. பூமியின் ஆழத்திலிருந்து வரும் நீரில் கரைந்த பிராணவாயு மிகக் குறைவு, கரியமிலவாயு மிகுதி. அஸ்ஸாம், மேற்கு வங்காளம் முதலிய பகுதிகளில் இரும்பும் கலந்திருக்கும். தெளிவாக வெளிவரும் அந்நீர் காற்றுப் பட்டதும் செந்நிறமாகக் கலங்குவதைக் காணலாம். அந்தத் துரு செவுளில் படிந்தால் மீன் மூச்சுத் திணறும். இத்தகைய நீரை உயரத்திலிருந்து சிதறி விழச்செய்து, ஒரு நாள் தெளியவிட்டு மேல்நீரை எடுத்தல் வேண்டும்.

வெப்பநிலை வேறுபாட்டையும் மறத்தல் கூடாது. நிலத்தடி நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. தில்லியில் சனவரி மாதத்தில் திறந்த தொட்டி நீர் குளிர்ந்து கிடக்க, குழாய்க்கிணற்று நீர் வெதுவெதுப்பாக வரும். மே மாதத்தில் நிலைமை தலைகீழாகும். மூன்று பாகைக்கு மேற்பட்ட மாற்றம் ஒரே சமயத்தில் நேராதவாறு பார்த்துக்கொள்வது நலம்.

எவ்வளவு, எப்போது, எவ்விதம்?

மூன்று மீட்டர் நீளமும், இரண்டு மீட்டர் அகலமும், 60 சென்டிமீட்டர் நீராழமும் உள்ள தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 3,600 லிட்டர். ஒரு தடவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றலாகாது என்பது பாதுகாப்பான வரம்பு. அதாவது 720 லிட்டர். நீர்மட்டத்தில் 12 சென்டிமீட்டர். இந்த அளவைச் சுவரில் ஒரு கோடாகத் தீட்டிவிட்டால், லிட்டர்க் கணக்குப் பார்க்கத் தேவையின்றி எவரும் பணியைச் செய்யலாம். குளோரின் நீக்கிய நீரை நிமிடத்திற்கு 5 லிட்டர் வீதம் விட்டால் இரண்டரை மணி நேரத்தில் நிரம்பும். பத்து லிட்டர் வாளி இரண்டு நிமிடத்தில் நிரம்பும் வேகமே அது. நீர் மிகவும் கெட்டிருந்தாலும் இதனை நாள்விட்டு நாள் திரும்பச் செய்வதே முறை. ஒரே நாளில் முடிக்க விரும்பும் அவசரத்திற்கு மீன்களே விலை கொடுக்கின்றன.

காஷ்மீரத்தில் ஜஹாங்கீர் மன்னர் கட்டுவித்த வெரிநாக் ஊற்றின் எண்கோணக் குளத்தில் மீன்கள் திரள்வதைப் பார்த்தோர் பலர். அங்கே நீர் இடையறாது மாறிக்கொண்டே இருக்கிறது. ஆயினும் நேற்றைய நீருக்கும் இன்றைய நீருக்கும் வேறுபாடு இல்லை. ஊற்றின் மேல் அமைந்த அந்த வசதி நம் தொட்டிகளுக்கு இல்லை. வாரந்தோறும் சிறிதளவு மாற்றுவதே அதற்கு நாம் அணுகக்கூடிய நிலை.

நாளின் எப்பகுதியில் மாற்றுவது என்பதும் கருதத்தக்கது. நீரில் பிராணவாயு விடியற்காலையில் மிகக் குறைந்திருக்கும். இரவு முழுவதும் பாசியும் மீனும் அதனைச் செலவிட்டிருக்கும். பாசி அடர்ந்த நீரில் பிற்பகலில் பி.எச். உச்சத்தை அடைந்திருக்கும். எனவே சூரியன் உதித்து இரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்குவதே தக்கது. மாலையில் மாற்றிவிட்டு வீடு செல்வது, துன்பம் நேரும் வேளையில் பார்ப்பார் எவருமின்றி மீன்களை விட்டுச் செல்வதாகும். மேகமூட்டமான நாட்களில் இப்பணியை ஒத்திவைக்கலாம். முதல் நாளிலிருந்தே தீவனத்தை நிறுத்தி, பின்னர் இரண்டு நாட்கள் கழித்துச் சிறிதளவாகத் தொடங்க வேண்டும்.

முழுவதும் வடிக்க நேரும்போது

விரிசல் அடைக்கவோ, சேறு மிகுந்துவிட்டதாலோ தொட்டியை முற்றிலும் வடித்தே தீரவேண்டிய நேரங்கள் உண்டு. அப்போது சேற்றைக் கலக்குவதற்கு முன்னரே மீன்களைப் பிடித்துவிட வேண்டும். சேற்றினுள் அடங்கியுள்ள நச்சு வாயுக்கள் கலக்கும்போது வெளிப்பட்டு, நீரிலுள்ள பிராணவாயுவையும் கவர்ந்துவிடும். மீன்களைப் பழைய நீரிலேயே, நிழலான இடத்தில், அகன்ற தொட்டியில் வலை மூடி வைத்தல் வேண்டும். அந்நீரில் லிட்டருக்கு 1 கிராம் வீதம் கல்லுப்பு கரைத்தால், பிடிபட்ட அதிர்ச்சியையும் நைட்ரைட்டின் தீங்கையும் அது குறைக்கும். கையால் தொட நேர்ந்தால் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். மீனின் மேலுள்ள வழுவழுப்பே அதன் கவசம்.

பழைய நீரில் மூன்றில் ஒரு பங்கையாவது பீப்பாய்களில் சேமித்து, கூழாங்கற்களையும் நீர்ச்செடிகளையும் அதில் மூழ்க வைக்க வேண்டும். பாக்டீரியாக்களுக்கு அதுவே தற்காலிகக் குடியிருப்பு. சுவர்களை வெறும் நீரால் அலசினால் போதும். நிரப்பிய பின், மீன் உள்ள தொட்டியில் புதிய நீரைக் குவளை குவளையாக ஒரு மணி நேரம் சேர்த்துவந்து, அதன் பிறகே மீனை விடலாம். வெளியூரிலிருந்து பிளாஸ்டிக் பையில் அடைத்து வந்த மீனுக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. நெடும் பயணத்தில் பை நீரில் கரியமிலவாயு சேர்ந்து பி.எச். தாழ்ந்திருக்கும்; அமோனியாவும் தேங்கியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறத்தொடங்கும். ஆகவே மூடிய பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கிய பின், திறந்து, சிறிதளவு குளத்து நீர் சேர்த்து, காலம் தாழ்த்தாமல் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுவதே நல்லது. பை நீரைக் குளத்தில் ஊற்றலாகாது.

புதிய சிமெண்டுத் தொட்டி பற்றியும் ஒரு சொல். சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு நீரின் பி.எச்.ஐ 10க்கும் மேல் உயர்த்திவிடும். வாழைத்தண்டோ, வைக்கோலோ, மாட்டுச் சாணமோ இட்டு ஊறவைத்து, நீரைப் பலமுறை மாற்றி, இரண்டு மூன்று வாரங்கள் பதப்படுத்திய பின்னரே மீன் விடும் பழக்கம் அறிவியலுக்கு ஏற்றதேயாகும். பணி முடிவுச் சான்றிதழ் கிடைத்த நாளும், மீன் விடும் நாளும் ஒன்றாக இருத்தல் இயலாது.

நிர்வாகத்தின் கவனத்திற்கு

அலங்காரத் தொட்டிகளிலும் நீரூற்றுகளிலும் கப்பி, கம்பூசியா ஆகிய சிறு மீன்கள் கொசுப் புழுக்களை உண்பதற்காகவே விடப்படுகின்றன. இவை முறையே 1908, 1928ஆம் ஆண்டுகளில் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டவை என்பர். தொட்டி கழுவப்பட்டு இம்மீன்கள் மடிந்தால், வெப்பமான பருவத்தில் பத்து நாட்களுக்குள் அதே தெளிந்த நீரிலிருந்து கொசுக்கள் பறக்கத் தொடங்கும். நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபென்சி கொசு தூய நீரையே விரும்புவது. பூங்காத் துறை தூய்மைப் பணி எனக் கருதி முடித்தது, சுகாதாரத் துறையின் நோய்த் தடுப்புப் பணியை அழித்ததாக ஆகிறது. கழுவும் நாளை இரு துறைகளும் முன்கூட்டியே பேசி முடிவு செய்தல் கடினமான காரியமன்று.

2020ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்புக்கு உதவித்தொகை வகுக்கப்பட்டது. மகளிர்க்கும் பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் அலகுச் செலவில் 60 விழுக்காடு, மற்றவர்க்கு 40 விழுக்காடு என்பது அதன் அளவு. இத்தகைய அலகைத் தொடங்கும் ஒரு பெண்ணுக்கு, முதல் மாதத்தில் நேரும் ஒரு பெருஞ்சாவு தொழிலையே கைவிடச் செய்யும். தொட்டி, காற்றுக் குழாய், வலை ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்குவதுபோல், புதிய தொட்டி பதமாகும் ஆறு வாரங்களையும் திட்டக் காலத்தில் ஒதுக்கியாக வேண்டும். ஆய்வுப் பதிவேட்டில் ‘விடப்பட்ட மீன்கள்’ என்ற பத்தியை அடுத்து, ‘முப்பதாம் நாள் உயிருடன் இருப்பவை’ என்றும் ஒரு பத்தி சேர்த்தால், எந்த ஊரில் நீர் எப்படிப்பட்டது என்பது சில மாதங்களில் தானே விளங்கிவிடும்.

நீர் மாற்றிய முதல் இரண்டு விடியற்காலைகளில் எவரேனும் தொட்டியருகே நின்று பார்ப்பது அவசியம். மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து மூடினால் பிராணவாயுக் குறைவு; அதே நீரை மோட்டாரால் மேலேற்றிச் சிதறி விழச்செய்தல் வேண்டும். விட்டவுடனேயே வெறிகொண்டு பாய்ந்து, பின் பக்கவாட்டில் சாய்ந்தால் குளோரினை ஐயுற்று ஹைப்போ இடலாம். காற்றோட்டம் இருந்தும் துவண்டு கிடந்தால் அமோனியாவாக இருக்கக்கூடும்; தீவனத்தை நிறுத்தி, அதே பி.எச். உள்ள நீரைச் சிறிதளவு மாற்றலாம்.

வடித்த பழைய நீரைச் சாக்கடையில் விடாமல் பூச்செடிகளுக்குப் பாய்ச்சுவது சிறந்தது. அதிலுள்ள நைட்ரேட் செடிகளுக்கு உரமாகும். வடிகுழாயின் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டிவிட வேண்டும். கப்பியும் கம்பூசியாவும் அயல்நாட்டு இனங்கள். ஓடைகளில் சேர்ந்தால் நம் நாட்டுச் சிறு மீன்களை நெருக்கும். கண்ணாடித் தொட்டிகளுக்காகக் கொண்டுவரப்பட்ட தென்னமெரிக்கக் கவசக் கெளுத்தி இன்று கிழக்குக் கொல்கத்தாவின் பேரிகளிலும் புகுந்து, வலைகளைக் கிழித்துத் தொழிலாளர்க்கு இடையூறு விளைவித்து வருகிறது.